மீசை வைத்த புத்தர்

ஏரிக்கரை முனியப்பன் சிலைக்கு முன்னால் செவலைக் கிடா கட்டியிருந்தது. பொங்கல் பொங்கியதும் வெட்டு.

"ஏன் சாமி, என் கறி மேல உனக்கு அவ்வளவு ஆசையா?" என்று கிடா கேட்டது.

"எனக்கா? நான் புத்தர் சிலையப்பா. அந்தக் காலத்துல என்னைக் கும்பிட்ட துறவிங்க எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பாங்க. அவங்க போன பிறகு ஏரிச் சேத்துல புதைஞ்சு கிடந்தேன். தூர் வாரினவங்க எடுத்து, மையில மீசை வரைஞ்சு, முனியப்பன்னு பேரு வெச்சுட்டாங்க. வேண்டாம்னு நான் சொன்னா யார் காதுல விழுது?"

"அப்ப என் கதி?"

"தலையில மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. நீ உடம்பைச் சிலுப்பினாத்தான் சாமி உத்தரவுன்னு வெட்டுவாங்க. அசையாம நில்லு."

"சொல்றது சுலபம்."

"நான் நிக்கலையா? என்னையே பாரு."

பூசாரி ஒரு குடம் ஊற்றினார். காதுக்குள் தண்ணீர் புகுந்து குறுகுறுத்தது. கிடா பல்லைக் கடித்துக்கொண்டு சிலையைப் பார்த்தது. சிலையின் மூக்கில் எறும்பு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. சிலை அசையவில்லை. கிடாவும் அசையவில்லை. மூன்றாவது குடமும் தீர்ந்தது. மசாலா அரைத்து வைத்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாமி இந்த வருஷம் சைவம்," என்று பூசாரி கயிற்றை அவிழ்த்துவிட்டார். கூட்டம் சாம்பார் வைக்கப் போனது.

நன்றி சொல்லச் சிலையிடம் போன கிடாவுக்கு, அடக்கி வைத்த சிலுப்பல் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. மஞ்சள் தண்ணீர் சிலையின் முகமெல்லாம் தெறித்து, மீசை கரைந்து வழிந்தது.

"அப்பாடா," என்றது சிலை, "இப்பத்தான் மூக்குக்குக் கீழே லேசா இருக்கு."