ஜெட்டில் ஏறிய காத்தாடி

பறந்துகொண்டிருக்கிற ஜெட் விமானத்தில், “எடை சரியா இல்ல சார், கொஞ்சம் பின்னால வந்து உட்காருங்க” என்று ஒரு பணிப்பெண் சொன்னால், கேட்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சிரித்தார்கள். முன்னால் ஆரம்பித்த சிரிப்பு கடைசி வரிசை வரைக்கும் வந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஸ்கேல் மேடத்துக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்கேல் மேடம் என்பது ஊழியர்கள் வைத்த பெயர். அவருக்கு எதிலும் கோணல் இருக்கக் கூடாது. பெரிய விமானக் கம்பெனியில் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவரை இங்கே அழைத்து வந்ததே அதற்காகத்தான்.

இத்தனை வருஷமும் சின்ன ஊர்களுக்கு நடுவே, இறக்கையில் விசிறி சுற்றும் குட்டி விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி இது. காத்தாடிக் கம்பெனி என்றுதான் கிண்டலாகச் சொல்வார்கள். இப்போது திடீரென்று ஜெட் வாங்கி, பெரிய நகரங்களுக்கு நடுவே, பெரிய கம்பெனிகளின் மூக்குக்கு நேரே பறக்கிறது. ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலாளியிலிருந்து பெட்டி ஏற்றுகிறவர் வரை யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

பழைய பணிப்பெண்களில் யார் ஜெட்டுக்குத் தேறுவார்கள் என்று சொல்ல வேண்டியது மேடம். தேறாதவர்கள் பழைய விமானத்துக்கே திரும்பலாம் என்று முதலில் பேச்சு இருந்தது. அந்த விமானங்களையும் விற்கப்போகிறார்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஆக, தேறாவிட்டால் வீட்டுக்கு.

இன்றைக்குப் பரீட்சை, எடை சரியில்லை என்று சொன்ன இவளுக்கு. குட்டி விமானத்திலேயே பழகியவள் என்பதால் மற்ற பெண்கள் ‘காத்தாடி’ என்றே கூப்பிடுவார்கள். புருஷன் காலை உடைத்துக்கொண்டு படுத்த பிறகு இவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. காலையிலிருந்து பாவம், ஒரே பதற்றம். தண்ணீர்த் தட்டு ஆடிக்கொண்டே வந்தது. மேடம் அதைக்கூட மன்னித்துவிட்டார். ஆனால் இந்த எடைக் கூத்தை எப்படி மன்னிப்பது?

குட்டி விமானத்தில் அது அன்றாட வேலைதான். இருக்கிற கொஞ்சம் பேரும் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால் விமானி கிளம்ப மாட்டார்; பாதிப் பேரைப் பின்னால் தள்ள வேண்டும். இவ்வளவு பெரிய ஜெட்டுக்கு ஒரு ஆள் எம்மாத்திரம்? அதுவும் நடுவானத்தில்!

எழுப்பப்பட்டவரோ லேசுப்பட்டவர் இல்லை. மடிப்புக் கலையாத சட்டை, மணிக்கட்டில் பளபளவென்று வாட்ச். வாரம் தவறாமல் ஜெட்டில் போகிறவனாக்கும் நான் என்று ஆரம்பித்தவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி போட்டார்.

“ஏம்மா, இது விமானமா, தராசா?”

மறுபடி சிரிப்பு. அவள் முகம் செத்துப்போனது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டு நின்றாள். கடைசியில் வாட்ச்காரர் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து வந்தார். நடுவில் எத்தனையோ இடம் காலியாக இருக்க, அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது எங்கே? ஸ்கேல் மேடத்துக்குப் பக்கத்தில்.

மேடம் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். தன் கையாலேயே ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். அவளுக்குப் பழைய விமானத்துப் பழக்கம் சார், போக மாட்டேங்குது என்று சமாளித்தார். வாட்ச்காரர் குளிர்ந்துபோய் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார். இப்படிப்பட்ட ஆட்களை வைத்துக்கொண்டு பெரிய ரூட்டில் தாக்குப்பிடிக்க முடியுமா, நானாக இருந்தால் இறங்கினதுமே அனுப்பிவிடுவேன் என்றார். மேடமும் சூட்டோடு சூடாக, “அனுப்பிடறேன் சார்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் இறங்கக் கிளம்பும்போது இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

எல்லாரும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவளை ஒரு ஓரமாக நிறுத்தினார் மேடம்.

“ஒரு ஆள் இடம் மாறினா ஜெட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம்.”

“இன்னிக்குத் தேறலைன்னா வேலை இல்லன்னு தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“அப்புறம் என்ன கொழுப்பு?”

அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு இளம்பெண், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள். அவள் படி இறங்கும் வரை பொறுத்திருந்துதான் இவள் வாயைத் திறந்தாள்.

“அவர் பக்கத்து சீட்டு இந்தப் பொண்ணுதான் மேடம். முதல் வேலையில சேரப் போறாளாம். தண்ணி கொடுக்கப் போனப்ப பார்த்தேன், அந்தாளு கை சும்மா இல்ல. குனிஞ்சு கேட்டா, யாருக்கும் தெரிய வேணாம்க்கான்னு கண்ணு கலங்கிட்டா.”

மேடத்துக்குக் குரல் இறங்கிவிட்டது.

“சத்தம் போட்டிருக்கலாமேடி.”

“போட்டா எல்லாரும் அவளைத்தானே திரும்பிப் பார்ப்பாங்க? என்னைப் பார்த்து சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

மேடம், நாளைக்குக் காலை முதல் ஜெட்டுக்கு நேரத்தோடு வந்துவிடு என்று மட்டும் சொன்னார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பெட்டியை எடுக்கத் திரும்பினாள்.

மேடத்துக்கு இன்னும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

“அவ்வளவு சீட் காலியா இருந்துச்சே. ஏன் அந்தாளை என் பக்கத்துல கொண்டாந்து வச்ச?”

“மத்தவங்கன்னா அவர் உடுப்பைப் பார்த்து மயங்கிடுவாங்க. நீங்க ஆளை எடைபோட்டுடுவீங்கன்னு நம்பினேன் மேடம்.”