கசப்பில் ஒரு வித்தியாசம்

"துப்பிடுங்கண்ணே, முழுங்கிடாதீங்க!" என்று பதறினாள் ஆய்வுக்கூடப் பெண்.

கேன்டீன் மாஸ்டர் மேஜையிலிருந்த இரண்டு கப்புகளில் இடது கப்பை வாயில் கவிழ்த்து, கொப்பளித்துத் துப்பினார். முகம் கசக்கிய காகிதமாயிற்று. தண்ணீரில் வாயைக் கழுவிக்கொண்டு வலது கப்பை எடுத்தார்.

மேலாளர் நகத்தைக் கடித்தபடி நின்றார். எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளை ஒழிக்க, கம்பெனி ஒன்பது வருஷம் பாடுபட்டு ஒரு புது மருந்து கண்டுபிடித்திருந்தது. நாளை ஆஸ்பத்திரியில் சோதனை ஆரம்பம். வழக்கமான சிகிச்சையோடு பாதிப் பேருக்கு இந்த மருந்து. மீதிப் பேருக்கு மருந்தே கலக்காத டம்மி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியவே கூடாது.

டம்மியின் நிறம் மருந்தோடு ஒத்துவிட்டது. கசப்புதான் அடம்பிடித்தது. நான்கு நாளாக ருசி பார்த்தவர்கள் எல்லாரும் வித்தியாசம் தெரிகிறது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். இன்றும் தேறாவிட்டால் சோதனை மூன்று மாதம் தள்ளிப்போகும். வார்டில் நோயாளிகள் காத்திருப்பார்கள், கிருமி காத்திருக்குமா?

"இடதுதான் நிஜ மருந்து," என்றார் மாஸ்டர். "தொண்டையைப் போய்ப் பிடிக்குது பாருங்க. வலது சும்மா, நாக்கு நுனியோட சரி. முப்பது வருஷமா எனக்குச் சோறு போடுற நாக்கு சார் இது!"

"அந்த நாக்குக்கு உப்பு மட்டும் தெரியறதில்ல," என்று முணுமுணுத்தபடி கம்பெனி டிரைவர் வந்தார். அவரும் இரண்டையும் கொப்பளித்தார். "ஆனா அண்ணன் சொல்றது வாஸ்தவம் சார். இடதுதான் மருந்து. ரெண்டு நாளா அடைச்சிருந்த மூக்கே திறந்துடுச்சு!"

ஆய்வுக்கூடப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

மேலாளருக்குப் பொறுக்கவில்லை. தானே வாங்கி ருசித்தார். இடது, தொண்டையில் முள்ளாகக் குத்தியது. வலது, பாவம், கசக்கப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தது.

"குழந்தைகூடச் சொல்லிடுமேம்மா, வித்தியாசத்தை!"

"நேத்து சொன்ன அதே வித்தியாசமா சார்?"

"அச்சு அசல் அதேதான்! ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

"நாளைக்கே ஆரம்பிக்கலாம்னு பேசுங்க சார்," என்றாள் அவள், கப்புகளைக் கழுவியபடி. "இன்னிக்கு ரெண்டு கப்புலயும் நான் ஊத்தினது ஒரே பாட்டில் டம்மி."