எந்தக் கோட்டை?

சட்டைப் பையில் பட்டியல் இருப்பதை மறந்து, பயண வழியில் கண்ட வயலோரப் பம்ப்செட்டுத் தொட்டிக்குள் குதித்த பெருமை செல்வநாயகத்தையே சேரும். இரண்டு நாள் விடுமுறைக்குள் காரில் போய்ப் பார்ப்பதற்காக மூன்று வாரம் யோசித்துத் தேர்ந்தெடுத்த ஐந்து கோட்டைகளும் நீல மையாகக் கரைந்து வாய்க்காலில் போயின. "அஞ்சு கோட்டையையும் ஒரே முங்குல புடிச்சிட்டீங்களே, மகாராஜா!" என்றாள் மனைவி பூங்கோதை.

இனி எங்கே போவது? கேட்டால் "உங்க இஷ்டம்" என்பாள். இருபது வருடமாக அதே பதில்தான். இவளுக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாமல் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறோமோ என்று, சொட்டச் சொட்ட நின்றவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. "இப்பவாவது சொல்லு பூங்கோதை, எந்தக் கோட்டைக்குப் போகணும்?"

அவள் வயலுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் திரும்பினான். காலைப் பனி விலகிய இடத்தில் ஒரு குன்று நின்றது. பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பட்டியலில் இல்லாத கோட்டை. மேகத்தின் நிழலொன்று மதில்மேல் நிதானமாக ஏறி, உச்சியைத் தாண்டி, வானத்துக்குள் போவதுபோல் மறைந்தது.

"வா, மேல ஏறிடலாம்."

"வேணாங்க. ஏறுறது எனக்கு என்னைக்குமே புடிச்சதில்ல," என்றாள் பூங்கோதை. "இப்பிடி எட்ட இருந்து பாக்கத்தான் புடிக்கும். உக்காருங்க."