இழுத்த கயிறு

கார் தொழிற்சாலையில், கார்கள் நகர்ந்து வரும் வரிசையின் ஓரத்தில் புதிய பொறியாளர் நிற்கிறாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை; சீருடையில் புதுத்துணி மடிப்பு இன்னும் கலையவில்லை. வெள்ளை விளக்கொளியில் கடந்துபோகும் காரில் பிரேக் குழாய் முன்சக்கரத்தை உரசுவதுபோல் தெரிகிறது. இழுத்தால் வரிசையே நின்றுவிடும் கயிறு தலைக்கு மேல் தொங்குகிறது. கை மேலே போகிறது, இறங்குகிறது, மறுபடி போகிறது. இழுத்துவிடுகிறாள். கூடமே ஓய்ந்துபோகிறது. “போச்சு, இன்னைக்கு வீட்டுக்குப் போன மாதிரிதான்” என்று யாரோ முணுமுணுக்கிறார்கள். மேற்பார்வையாளர் விறுவிறுவென்று வருகிறார். “யாரும்மா நிறுத்துனது?” “நான்தான் சார்.” “நிச்சயமா தெரியுமா?” “தெரியல சார். விட்டுட மனசு வரல.” அவர் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்க்கிறார். அவர் எழுந்திருக்கவில்லை, கையை மட்டும் பின்னால் நீட்டுகிறார். “அந்த ஸ்பேனரை எடும்மா.”