எல்லாருக்கும் பொதுவாக ஒரு மரம்

ஏணியின் நான்காவது படியில் நின்று ஓவியன் அரசிலைக்கு நுனி இழுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையின் கதவு திறந்தது.

"நூத்திப் பதினொண்ணு" என்று நீதிமன்ற டவாலி குரல் கொடுத்தார்.

தூரிகை நின்றது. இலையின் நுனி கோணிப்போயிற்று.

காலையிலிருந்து இதே கதைதான். கதவு திறக்கும்போதெல்லாம் கை தானாக நின்றுவிடும். வேறு யாரோ எழுந்து உள்ளே போவார்கள். அவன் கோணிய நுனியைத் துடைத்துவிட்டு மறுபடி இழுப்பான்.

இன்று மட்டும் வேண்டாம் என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிப் பார்த்திருந்தான். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குடும்ப நீதிமன்றத்தின் காத்திருப்பு அறையைப் பார்க்க நாளைக் காலை பெரிய நீதிபதி வருகிறார். அதற்குள் படம் முடிந்து காய்ந்திருக்க வேண்டும்.

என்ன வரைவது என்பதைத் தலைமை எழுத்தர் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். "சாமி படம் வேண்டாம். எந்த மதமும் வேண்டாம். எல்லாருக்கும் பொதுவா ஒரு மரம் போட்டுடுங்க."

ஓவியன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். சாமிக்கு முகம் செதுக்கத் துணியாத காலத்தில் பௌத்தச் சிற்பிகள் மரத்தைத்தான் செதுக்கினார்கள். அடியில் ஒரு வெற்று ஆசனம், சுற்றிலும் கைகூப்பிய கூட்டம். எழுத்தர் முன்வாசலில் தடுத்த சாமியைத் தான் கொல்லைப்புறமாக அழைத்து வருவதாகத் தோன்றியது.

கேட்டதைக் கொடுக்கும் கற்பக மரத்தையே வரைந்தான். இலை மட்டும் அரச இலை. காற்று இல்லாவிட்டாலும் அது ஆடிக்கொண்டே இருக்கும். இந்த அறைக்கு அதுதான் சரி என்று பட்டது.

கீழே நான்கு பெஞ்சுகள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கடைசி பெஞ்சில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்த பெண் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூத்திப் பன்னெண்டு."

எதிரெதிர் பெஞ்சுகளிலிருந்து ஒரு இளம் ஜோடி எழுந்து போனது. பத்தே நிமிடம். அவள் வெளியே வந்து திரும்பிப் பாராமல் நடந்தாள். அவன் மட்டும் சுவரின் முன்னால் நின்றுவிட்டான்.

"இது என்ன மரம்ங்க?"

"கேட்டதைக் கொடுக்கற மரம்."

"அப்படின்னா வெளிய போற வழியைக் காட்டச் சொல்லுங்க" என்றான் அவன். சிரிக்கவில்லை.

ஓவியன் பறவைகளைத் தொடங்கினான். ஒரே கிளையில் இரண்டு.

"ரெண்டும் ஏன் ஒரே மாதிரி இல்ல?" கடைசி பெஞ்சிலிருந்து அந்தப் பெண் கேட்டாள்.

அவன் திரும்பாமலே சொன்னான். "பழைய படங்கள்ல அப்படித்தான். ஒண்ணு பழம் தின்னும். இன்னொண்ணு தின்னாது. பார்த்துக்கிட்டு இருக்கும்."

"தின்னாததுதான் உசத்தியா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"ஒண்ணும் பேசாம பார்த்துக்கிட்டே இருந்தா, பக்கத்துல இருக்கறதுக்குத் தொண்டையில இறங்குமா?"

சுருக்கென்றது. எத்தனையோ சுவர்களில் அந்தப் பறவைகளை வரைந்திருக்கிறான். தின்கிற பறவையின் பக்கம் நின்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

கண்ணுக்கென்று தூரிகையைச் சிவப்பில் தோய்த்தான். வேண்டாமென்று தண்ணீரில் அலசினான். மறுபடி தோய்த்தான். இறங்கி, தள்ளி நின்று பார்த்து, திரும்ப ஏறினான். பார்க்கும் பறவையின் கண்ணுக்குப் புள்ளி வைக்க மட்டும் கை வரவில்லை.

கதவு திறந்தது.

"நூத்திப் பதிமூணு. ரெண்டு பேரும் வாங்க."

யாரும் எழவில்லை. டவாலி இன்னொரு முறை கூப்பிட்டார்.

ஓவியன் தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கினான். கடைசி பெஞ்சுப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனருகே வந்தாள்.

"கையைத் துடைச்சுக்குங்க. கையெழுத்துப் போடணும்."

சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். டவாலி கதவைப் பிடித்தபடி நின்றார்.

"நீ முன்னால போ" என்றான்.

"வேண்டாம்" என்றாள் அவன் மனைவி. "இதுக்காவது சேர்ந்து போவோம்."