படம் முடிந்த பிறகு

"படம் முடிஞ்சாலும் லைட் போட மாட்டேன், ப்ரோனா. பிள்ளைங்க அழுதுட்டிருக்கிறப்பவே மேடை ஏறிடுங்க," என்றார் ஃபின்டன்.

டோனெகல் மாவட்டத்தில் பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாலை விபத்துப் படம் போட்டுக் காட்டுவதும், முடிந்ததும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரைப் பேச வைப்பதும் வருடாவருடம் அவர் பொறுப்பு. ப்ரோனாவின் மகன் சாலையில் செத்தான் என்பதற்கு மேல் அவர் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

திரையில் கார் நசுங்கியது. இருட்டில் யாரோ விசும்பினார்கள்.

"பயம் உள்ள இறங்கணும். போன வருஷம் ரெண்டு பேர் மயங்கியே விழுந்துட்டாங்க," என்றார் பெருமையாக. "உங்க பையன் எவ்வளவு வேகத்துல போனான்னு மறக்காம சொல்லுங்க."

படம் முடிந்ததும் ப்ரோனா மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"என் பையன் பேரு ஓஷீன். எங்க ஊருக்கு பஸ் கிடையாது. ஒருநாள் கார் சாவியை என் கையில கொடுத்துட்டு, இனிமே தொடவே மாட்டேன்னான். அப்புறம் எங்க போனாலும் நடைதான். நடைபாதை இல்லாத ரோடு, நவம்பர் மாசத்து மூடுபனி. பின்னாடி வந்த வேன்காரர் மெதுவாத்தான் வந்தாராம்."

"சாவியை ஏன் கொடுத்தாரு?" இருட்டிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

ப்ரோனா ஃபின்டன் நின்ற பக்கம் திரும்பினாள்.

"போன வருஷம் இங்க மயங்கி விழுந்த ரெண்டு பேர்ல அவன் ஒருத்தன். லைட்டைப் போடுங்க, ஃபின்டன். பிள்ளைங்க பயப்படுது."