ஓரம் வெட்டாத கெமரா

பெரிய சென்சர் உள்ள கெமராதான் வேண்டும் என்றார் அழகுமுத்து.

டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். குடை இருந்தும் தோள்பட்டை நனைந்திருந்தது. தோட்டத்து ஆட்கள் ஹட்டனில் என் கடைக்கு வருவது அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கத்தான். கெமராவுக்குள் படம் விழும் அந்தச் சென்சரைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன வாரம் மழைக்கு இதே வாசலில் ஒதுங்கினாராம். கல்யாணப் படம் பிடிக்கும் ஒருவருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேனாம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. விற்பதைவிட விளக்குவதில்தான் எனக்கு ஆசை. நஸார் கடை நடத்துகிறானா, வகுப்பு நடத்துகிறானா என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அதற்கென்று ஒரு வித்தையும் வைத்திருக்கிறேன். சுவரில் ஒரு கல்யாணக் குழுப்படம் மாட்டியிருக்கிறது. அதன் இரண்டு ஓரங்களையும் உள்ளங்கையால் மூடுவேன். சின்ன சென்சரில் இவ்வளவுதான். பிறகு கையை எடுப்பேன். அதே இடம், அதே லென்ஸ், பெரிய சென்சர். விடுபட்டவர்களெல்லாம் வந்துவிட்டார்கள், பாருங்கள்.

அதற்கும் அடங்காத கூட்டமா? அகலமான லென்ஸை மாட்டினால் இன்னும் நாலு பேர் உள்ளே வருவார்கள்.

அவருக்கும் ஒரு தடவை செய்து காட்டினேன்.

கையை எடுத்தபோது அவர் கண் கலங்கியது. தூரத்திலிருந்து வந்த களைப்பு என்று நினைத்தேன், மடையன்.

"அப்ப ஓரத்துல நிக்கிற ஆள இது வெட்டாதுங்களே, நானா?"

அண்ணன் முறையில் நானா என்று அழைத்தவரிடம், வெட்டவே வெட்டாது என்றேன். அலமாரியைத் திறந்து கெமராவை எடுத்து, பற்றரியைப் போட்டுக் கையில் கொடுத்தேன். விலையை அவர் கேட்கவே இல்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே மெமரி கார்ட்.

மெதுவாகத்தான் சொன்னார். போன வருஷம் கோயில் திருவிழாவில் லயத்து வீடுகளின் பிள்ளைகளை நிற்க வைத்து, திலக்ஷன் என்ற தோட்டத்துப் பையன் எடுத்த படம். ஓரத்தைத் தன் கெமரா வெட்டிவிட்டது என்று அவனே ஒத்துக்கொண்டானாம். அடுத்த மாதம் மண் சரிந்தது. வீட்டோடு மகளும் போனாள். போனில் இருந்த படம், பள்ளிக்கூடத்துப் படம், எதுவும் மிஞ்சவில்லை. வருஷத் திவசம் வருகிறது. மாலை போட அவளுக்கு ஒரு படம் வேண்டும்.

"இதுல போட்டுப் பாருங்க நானா. கடைசியில நின்னது எங்க பாப்பா."

எடுத்த படத்தில் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் கார்டைப் போட்டேன்.

ஐந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வலது ஓரத்தில் நின்றவளின் தோளில் ஒரு சின்னக் கை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அதோடு படம் முடிந்துவிட்டது.

அவர் நெடுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. நான் நடத்திய பாடத்தில் மிச்சம் இருந்ததைத்தான் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

"லென்ஸுதான் பத்தலையோ? அகலமா ஒன்னு இருக்குன்னீங்களே, அத மாட்டிப் பாருங்க."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

பிறகு அகலமான லென்ஸை எடுத்து மாட்டினேன்.